கண்ட கண்ணின் கடமை

வெள்ளம் வாசற்படியைத் தாண்டி வீட்டினுள் புகும் வேளையில் ஒருவனது கை எதை நாட வேண்டும்? குழந்தையைத் தூக்க வேண்டும்; முதியோரைத் தாங்க வேண்டும். அவ்வேளையில் புகைப்படக் கருவியை ஏந்துபவனைக் கல்நெஞ்சன் என்று கடிவோர் உளர். அக்கண்டனம் முறையானதுதானா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் காட்ரீனா என்னும் சூறாவளி 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் தாக்கியது. நகரில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரில் மூழ்கிற்று. அச்சூறாவளிக்கு இரையானோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். கூரைமீதேறி உயிர் பிழைத்தோர் பலர். அந்நகர மக்களுள் சிலர் தாம் கண்டவற்றைப் படமாக்கியும் வைத்தனர். தெருவில் ஏறிவந்த நீர், அது வடிந்தபின் சுவரில் நின்ற பழுப்புக் கோடு, மீட்புக் குழுவினர் கதவுகளில் தீட்டிச் சென்ற பெருக்கல் குறி ஆகியவை அப்படங்களில் நிலைபெற்றன.

இவற்றால் விளைந்த பயன் யாது? “இயற்கையின் சீற்றம், யார்தான் தடுக்க இயலும்?” என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. ஆயின், ஆய்வு நடத்திய பொறியியல் வல்லுநர்கள் குடியிருந்தோரின் படங்களையும், நீர் புகுந்து நின்றுபோன கடிகாரங்களையும் துணைச் சான்றுகளாகக் கொண்டு, வெள்ளம் எங்கே, எப்பொழுது புகுந்தது எனக் கணித்தனர். கால்வாய்த் தடுப்புச் சுவர்களுட் சில, நீர் தம் உச்சியை எட்டுமுன்பே நிலைபெயர்ந்து சரிந்தமை புலனாயிற்று. வடிவமைப்பில் குறை இருந்ததென்பதை 2006ஆம் ஆண்டில் இராணுவப் பொறியியற் படையே ஒப்புக்கொண்டது. விதி என்று எண்ணப்பட்டது மனிதர்தம் பொறுப்பாயிற்று. சான்று கூறும் கண்கள் இல்லையேல் மாண்டோருக்கு நீதி ஏது?

எனினும், படம் மட்டுமே மெய்யாகிவிடாது. அதே நாட்களில் இரு செய்தி நிறுவனங்களின் படங்கள் வெளிவந்தன. இரண்டிலும் மார்பளவு நீரில் உணவுப் பொருளோடு செல்வோரே காணப்பட்டனர். கறுப்பின இளைஞன் “கொள்ளையடித்தான்” என்றது ஒரு குறிப்பு. வெள்ளையர் இருவர் “கண்டெடுத்தனர்” என்றது மற்றொன்று. ஒத்த காட்சிக்கு ஒவ்வாத சொற்கள்! உலகமெங்கும் கண்டனம் எழுந்தது. கண்ணாற் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்ற நம் முன்னோர் மொழி இங்கு எத்துணைப் பொருந்துகிறது! பசியோடு நடந்தவன் தன் படத்தின் அடியில் நின்று வழக்காட இயலுமா?

ஆகவே, ஒழுங்கு ஒன்று வேண்டும். முதலில் உதவுக, பிறகு பதிவு செய்க, பதிந்ததற்குக் கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதிருக்க. துன்பத்திற்குள் நின்று படமெடுப்பவன் வேடிக்கை பார்ப்பவன் அல்லன். அவன் அண்டை வீட்டாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட சாட்சி.

கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாம் மாணவரிடம் ஒரு படத்தைக் கொடுத்து, “இதில் நீ கண்டது எது? நீயாகக் கருதிக்கொண்டது எது?” என்று கேட்போமாக. இவ்விரண்டையும் பிரித்தறியும் மாணவனே நாளை நேர்மையான சாட்சியாக நிற்பான்.