அன்னையின் உள்ளமும் குழவியின் பற்றும்

பற்றே துன்பத்தின் வித்து என்பது நம் அறம். அங்ஙனமாயின், தாயைப் பற்றும் குழவியின் பற்றும் களையத்தக்கதோ?

அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில், மேரி ஐன்ஸ்வொர்த் என்னும் உளநூல் அறிஞர் 1960-களில் 26 தாய்மாரையும் அவர்தம் குழவிகளையும் ஓராண்டுக் காலம் அவரவர் இல்லம் சென்று கண்டறிந்தார். அழுகுரல் கேட்டவுடன் பரிவோடு எடுத்தணைத்த அன்னையரின் குழவிகள், ஆண்டிறுதியில் பெரும்பாலும் குறைவாகவே அழுதன. தாய் அருகிருக்க, அஞ்சாது தவழ்ந்து சென்று புதுப்பொருள்களை ஆராய்ந்தன. அணைக்க விரும்பாத அன்னையரின் குழவிகளுட் பலவோ, பிரிந்து மீண்ட தாயின் முகம் நோக்காது திரும்பிக்கொண்டன. தூக்கிப் பழக்கினால் பிள்ளை கெடும் என்னும் ஊர்ப்பேச்சு இங்கே பொய்த்தது.

அன்பர்களே! அச்சமே இறுகப் பற்றச் செய்கிறது. நம்பிக்கை பெற்ற குழவி, பிடித்த கையை விட்டுத் தானே நடக்கிறது. ஆகவே அப்பற்று துன்பத்தின் வித்தாகாது.

ஆயினும் பழியைத் தாய்மேல் மட்டும் சுமத்துதல் அறமாகாது. பகல் முழுதும் ஆலையில் நின்று கால் கடுத்து வந்தவள் உள்ளத்தில் பொறுமை எங்ஙனம் ஊறும்? கணவன் நீர் சுமந்து அடுப்பு மூட்டினால், அவள் கை குழவிக்கு ஓயும். மைத்திரி பேசும் ஆடவர், அதனை முதற்கண் தம் அடுக்களையிற் காட்டுவாராக!