இளமையும் கதையின் பொய்யும்

கதையும் கவிதையும் இளைஞரை என்ன செய்துவிடும் என்று மெய்யியல் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறது. இளைஞர் அவற்றில் எதைத் தேடுகிறார்கள் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை. முதல் கேள்வி பெற்றோர், ஆசிரியர், சமயத் தலைவர், ஆட்சியாளர் ஆகியோருடையது. இரண்டாவதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் படிக்கும் வயதில் இருப்பவர்கள். அவர்கள் மெய்யியல் நூல் எழுதுவதில்லை. ஆனால் கதைகளைக் கடிந்துகொண்ட சிலர் தம் இளமையைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார்கள். கண்டனத்தைவிட அந்தச் சாட்சியம் பயனுள்ளது.

பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில், செவிலியர் சொல்லும் கதைகளிலிருந்தே தணிக்கையைத் தொடங்குகிறார். தந்தை யுரேனஸை மகன் குரோனஸ் சிதைத்த கதை சிறுவர் காதில் விழக்கூடாது. அதற்கு மறைபொருள் உண்டு என்ற சமாதானமும் செல்லாது. எது உருவகம், எது நேர்ப்பொருள் என்று பிரித்தறியும் வயதல்ல அது, அப்போது பதிந்தது பின்னர் எளிதில் அழிவதுமில்லை. பத்தாம் பகுதியில் ஹோமருக்கு எதிராகப் பேச வரும்போதோ, சிறு வயது முதல் அவர்மீது கொண்ட அன்பும் மரியாதையும் நாவைத் தடுப்பதாக அந்நூலின் சாக்ரடீஸ் ஒப்புக்கொள்கிறார்.

அரிஸ்டாட்டிலிடம் இந்தப் பதற்றம் இல்லை. பேச்சுக்கலை பற்றிய நூலில் அவர், இளைஞருக்குக் கடந்த காலம் குறைவு, எதிர்காலம் நீளம், ஆகவே நினைவைவிட நம்பிக்கையில் வாழ்கிறார்கள் என்கிறார். அறவியல் நூலில், வாழ்க்கை அனுபவம் போதாததால் அவர்கள் அரசியல் பாடம் கேட்கத் தகுந்தவர்கள் அல்ல என்கிறார். ‘கவிதையியல்’ நூலிலோ, மனிதர் குழந்தைப் பருவத்திலேயே போலச்செய்து கற்கத் தொடங்குவதாகவும், நேரில் காணக் கூசும் பிணத்தைக்கூட ஓவியத்தில் விரும்பிப் பார்ப்பதாகவும் வருகிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அவர் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்று புலப்படும்: அனுபவம் கைவராத வயதில், அடிபடாமல் அனுபவத்தை அறியக் கிடைக்கும் இடம் கதைதான்.

புளூட்டார்க் இளைஞர் கவிதை படிக்க வேண்டிய முறை பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். மயக்கும் பாட்டு விழாதபடி ஒடிசியஸின் மாலுமிகளுக்குச் செய்ததுபோல் இளைஞர் காதையும் மெழுகால் அடைக்கலாமா என்று கேட்டு, பகுத்தறிவோடு சேர்த்துக் கட்டிவைத்தால் போதும் என்று முடிக்கிறார். நல்ல சமரசம்தான். ஆனால் அவருக்குக் கவிதை மெய்யியலின் முன்வாசல் மட்டுமே.

கி.பி. 400ஐ ஒட்டித் தம் ‘ஒப்புதல்கள்’ நூலை எழுதிய புனித அகுஸ்தினார் இன்னும் நெருங்கி வருகிறார். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற வாய்ப்பாடு சிறுவயதில் அவருக்கு வேம்பாகக் கசந்தது. வீரர்கள் ஒளிந்திருந்த மரக்குதிரையும் எரியும் டிராய் நகரும் இனித்தன. வர்ஜில் காவியத்தில் காதலுக்காக உயிர்விட்ட டைடோவுக்காக அழுத சிறுவன், கடவுளைப் பிரிந்து அழிந்துகொண்டிருந்த தனக்காக அழவில்லையே என்று பிற்காலத்தில் நொந்துகொள்கிறார். ஹோமரின் கதைகளும் அதே வகைதான். ஆனால் அந்நிய மொழியான கிரேக்கத்தை மிரட்டியும் தண்டித்தும் புகட்டியதால் ஹோமர் கசந்தார். கார்தேஜில் மாணவராக இருந்தபோது நாடகக் கொட்டகையில் எழுந்த கேள்வி இவற்றிலெல்லாம் கூர்மையானது: தனக்கு நேர விரும்பாத துயரத்தை மேடையில் பார்த்து வருந்த ஒருவன் ஏன் ஆசைப்படுகிறான்? அவர் அதை நோய் என்று முடிவுகட்டினார். முடிவை ஏற்காதவரும் கேள்வியைத் தட்டிவிட முடியாது.

ரூசோவின் கதை இன்னும் வேடிக்கை. 1762இல் வெளிவந்த ‘எமில்’ நூலில் அவர் லா ஃபொன்டேனின் நீதிக்கதைகளைச் சிறுவருக்கு விலக்குகிறார். காகத்தை முகஸ்துதியால் ஏமாற்றி நரி பாலாடைக்கட்டியைப் பறிக்கும் கதையில், பெரியவர் காகத்தின் அசட்டுத்தனத்தைச் சுட்டிக்காட்டுவார். சிறுவனோ நரியின் பக்கம் சேர்ந்துவிடுவான். நீதி ஒரு பக்கம், ஆசை வேறு பக்கம் என்று கண்டுகொண்ட கூரிய பார்வை இது. அந்நூலின் மாணவன் எமிலுக்கு முதலில் கிடைக்கும் ஒரே புத்தகம் ‘ராபின்சன் குரூசோ’. இந்த விதியை வகுத்தவர் எப்படி வளர்ந்தார்? இறந்துபோன தாய் விட்டுச்சென்ற நாவல்களை இரவு உணவுக்குப் பின் தந்தையும் அவருமாக மாறி மாறிப் படிப்பார்கள். விடியலில் குருவிச் சத்தம் கேட்ட பிறகே தந்தை வெட்கத்தோடு எழுந்திருப்பார். எதையும் புரிந்துகொள்ளும் முன்பே எல்லாவற்றையும் உணர்ந்துவிட்டதாக ரூசோ தம் வரலாற்றில் எழுதுகிறார். அடுத்து அவர் விரும்பிப் படித்தது புளூட்டார்க்கின் வீரர் வரலாறுகள். அவற்றில் வரும் ஸ்கேவோலா தன் கையைத் தீயிலிட்டதைச் சாப்பாட்டு மேசையில் விவரித்தபோது, தானும் தணலடுப்பின் மேல் கையை நீட்டிச் சுற்றியிருந்தவர்களைப் பதறவைத்தார். அறிவுரைக்காகப் படிக்கும் எவரும் இப்படிச் செய்வதில்லை. இன்னொருவரின் துணிவு தன் உடம்புக்குள் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் அந்தக் கை நீண்டது.

இளம் வாசகர் கதையில் தம் முகத்தையே தேடுகிறார்கள் என்று இன்று பலர் சொல்கிறார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தன்வரலாறு இதற்கு இடம் தரவில்லை. மூன்று வயதில் கிரேக்கமும் பின்னர் தர்க்கமும் தந்தையிடம் கற்ற மில், 1826இல், இருபது வயதில், விரும்பிய சீர்திருத்தமெல்லாம் கைகூடினாலும் தமக்கு மகிழ்ச்சி வராது என்று உணர்ந்து மனமுடைந்தார். ஆறுதல் தேடி பைரனை எடுத்தார். பைரனின் மனநிலையும் தம்முடையதைப் போலவே இருந்ததால் பயன் இல்லை. 1828இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் கைகொடுத்தன. எல்லோரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய அமைதியான மகிழ்ச்சி ஒன்று உண்டு என்பதை அங்கே கண்டார். நண்பர் ரோபக் இதை ஏற்கவில்லை. அவருக்கு மனித வாழ்வைப் பாடியவர் பைரன். வேர்ட்ஸ்வொர்த் பாடியது பூக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும். விவாதக் கழகத்தில் இருவரும் இதைப் பற்றி மோதினார்கள். ஒரே கொள்கையில் ஊறிய அந்த இரு இளைஞரும் முக்கியமான ஒரு பொருளில் எதிரெதிர் அணியில் நின்ற முதல் விவாதம் அதுதான்.