வியாபாரிகளின் வழக்கமும் சட்டமாகுமா?

சட்டம் என்றதும் நம்மில் பலர் கோர்ட்டையும் வக்கீலையும்தான் நினைக்கிறோம். மதரஸாவில் ஓதியவர்களோ குர்ஆன், ஹதீஸ், இஜ்மாஃ, கியாஸ் என்று நான்கையும் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். நம் கடைத்தெருவும் ஒருவகையில் சட்டம் பிறக்கும் இடந்தான் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

துருக்கியின் உதுமானிய அரசாங்கம் 1869 முதல் 1876 வரை, ஹனஃபி மத்ஹபின்படி கொடுக்கல் வாங்கல் முதலிய சட்டங்களை 1851 பிரிவுகளாகத் தொகுத்தது. அதன் பெயர் மஜல்லா. நம் ஜொகூர் ராஜ்யம் அதை 1913-இல் மலாய் மொழியில் எடுத்துக்கொண்டது. ஷாஃபிஈகள் நிறைந்த நாட்டில் ஹனஃபிச் சட்டம்! மத்ஹபுக்காக மல்லுக்கு நிற்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். (இன்று கடை வழக்கென்று கோர்ட்டுக்குப் போனால் 1950-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டந்தான், அது வேறு விஷயம்.) வியாபாரிகளுக்குள் அறியப்பட்டிருக்கும் வழக்கம், அவர்களுக்குள் பேசி முடித்த நிபந்தனையைப் போன்றதே என்பது மஜல்லாவின் 44-ஆம் பிரிவின் கருத்து. வழக்கத்தைக் கொண்டு தீர்ப்புச் செய்யலாம் என்பதை ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்த இமாம் சுயூத்தி (ரஹ்) அவர்களும் ஐந்து மூலவிதிகளுள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரிவு எனக்கு மிகவும் இனித்தது. சில ஆண்டுகளுக்கு முன் சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் அன்னாசி வாங்கினேன். அழுகலுக்கென்று நூற்றுக்கு மூன்று காய் கழித்துக் காசு கொடுத்தேன். அவர் திகைத்துப்போனார். "இது வழக்கந்தானே" என்றேன். மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வியாபாரிகளுக்குள் என்றல்லவா சட்டம் சொல்கிறது? அவர் வியாபாரி அல்லர். அவருக்குத் தெரியாத வழக்கம் அவரை எப்படிக் கட்டும்?

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்துக் கிடைக்கும் பேரீச்சம்பழத்துக்கு முன்பணம் கொடுத்து வந்தார்கள். அந்த வழக்கத்தை அவர்கள் ஒழிக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று வரம்பு கட்டினார்கள். வட்டியும் பழைய வழக்கமாகத்தான் இருந்தது. அதற்கு வரம்பு கட்டப்படவில்லை, அறவே விலக்கப்பட்டது.

மறுவாரம் அந்தத் தோட்டக்காரரைத் தேடிப்போய், கழித்த காசைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் கழிவு உண்டென்று காயை இறக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சிலர் வேறு கடைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள்.