ஆடப்படாத இறுதிப் போட்டி

டேவிஸ் கோப்பை டென்னிஸில் 1974ஆம் ஆண்டின் இறுதிப் போட்டி நடக்கவே இல்லை. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்திய அணியின் முன்னணி வீரர், சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜுக்கு அப்போது வயது 20.

இறுதிச் சுற்றுக்கு வந்த வழி எளிதன்று. கொல்கத்தாப் புல்தரையில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வெல்ல மொத்தம் 327 கேம்கள் பிடித்தன. டைபிரேக்கர் அன்று டேவிஸ் கோப்பையில் கிடையாது; இரண்டு கேம் முந்தும்வரை ஆடியே தீர வேண்டும். அடுத்து சோவியத் யூனியனும் வீழ்ந்தது. 327 கேம் ஆடிய கைகளுக்கு, இறுதிப் போட்டியில் ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை.

விஜய் சிறுவயதில் நுரையீரல் கோளாறால் அவதிப்பட்டவர். உடம்பு தேறட்டும் என்றுதான் டென்னிஸில் சேர்க்கப்பட்டார். மூச்சுக்குத் திணறிய பிள்ளை, ஐந்து செட் ஆட்டங்களைத் தாங்கும் வீரராக வளர்ந்தார். 1973இல் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் கால் இறுதி. 1974 அமெரிக்க ஓப்பனில் பியோன் போர்க்கை வென்றார்.

தென்னாப்பிரிக்காவுடன் வணிக உறவை 1946இலேயே துண்டித்த நாடு இந்தியா. 1974இல் நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் இருந்தார். ஆட மறுத்தது அறம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் முடிவு நாட்டினுடையது, இழப்பு வீரர்களுடையது. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பிருந்து, உயிர்விட வந்த நண்பர் பிசிராந்தையாரைப் புறநானூறு போற்றுகிறது. அவரை யாரும் பணிக்கவில்லை. தாமே விரும்பி வந்து அமர்ந்தார். மேலிருந்து வந்த முடிவுக்குக் கட்டுப்பட்டு விட்டுக்கொடுத்ததையும் தியாகம் என்று சொல்லலாமா?

சிற்றூர்களிலும் இப்படித்தான்: மானம் கருதி ஒரு கபடிப் போட்டிக்குப் போகக் கூடாது என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தால் ஊர் கட்டுப்படும். ஊர் மானம் நிற்கும். ஆட இருந்த இளைஞனுக்கு அந்த வருடம் திரும்பி வராது.

விஜய்க்கும் அப்படித்தான். 1980இல் உலகத் தரவரிசையில் 18ஆம் இடம் பிடித்தார். 1981 விம்பிள்டன் கால் இறுதியில் முதல் இரண்டு செட்களை வென்றும் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். 1987இல் அவரும் ரமேஷ் கிருஷ்ணனும் இருந்த அணி மீண்டும் டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்று, ஸ்வீடனிடம் 0-5 என்று தோற்றது. 2024இல் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் லியாண்டர் பயஸுடன் அவரும் இடம்பெற்றார்.

1974இன் முடிவு சரியானது. அதற்கு விலை கொடுத்தவர்களுக்கு நாடு பட்ட கடன் தீர்ந்துவிட்டதா என்பதற்கு மட்டும் உறுதியான விடை இல்லை. இந்தியா இன்றுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை.