வைத்தியரிடம் மறையாமல் சொல்லுங்கள்



எரிக்கோ ஊர் வழியோரத்தில் ஒரு குருடன் சேசுநாதர் சுவாமியை நோக்கிக் கூவினான். அவன் குருடன் என்பது கூட்டத்தில் யாவருக்கும் தெரியும். ஆயினும் ஆண்டவர் அவனைக் கிட்ட அழைத்து, உனக்கு என்ன செய்ய வேண்டுமென்று கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்டாரென்றால், மனிதராகிய வைத்தியர் நாம் சொல்லாமல் எப்படி அறிவார்?

சென்ற தவக்காலத்தில் ஓர் இரவு, ஒரு பெரியவருக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்க என்னை அழைத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர். மருந்துக்குப் பணம் போதாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை விழுங்கி வந்திருக்கிறார். அதைச் சொல்ல வெட்கம். வைத்தியர் கேட்டபோது, தவறாமல் சாப்பிடுகிறேன் என்றாராம். சர்க்கரை இறங்கவில்லையே என்று அவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். அச்சமயம் ஊரிலிருந்து வந்த மகள், சீட்டில் கண்டபடி வேளை தவறாமல் கொடுத்தாள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் வேர்த்து, நினைவு தப்பிவிட்டது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருந்தது! சர்வேசுரன் கிருபையால், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தார்.

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் சோற்றைக் குறைத்து, நல்ல பிள்ளையாகப் போகிறவர்களும் நம்மில் உண்டு. (சிரிக்காதீர்கள், நானும் செய்ததுண்டு.) எச்.பி.ஏ. ஒன்சி என்னும் பரிசோதனை இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டிவிடும். இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் இருப்பதால், நாம் தின்ற லட்டு அதில் எழுதப்பட்டிருக்கிறது.

பாவசங்கீர்த்தனத்தில் வெட்கத்தால் மறைக்கலாகாது என்று ஞானோபதேசத்தில் படித்தோமே. வைத்தியரிடமும் குடி, புகையிலை, நாட்டு மருந்து, கையில் காசில்லாமை எல்லாவற்றையும் சொல்லுங்கள். சாப்பிடும் மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒருசந்தி இருக்க எண்ணினால் அதையும் கேளுங்கள். நோயாளிகளைத் திருச்சபை அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. தாய்மார்களே, மகன் பேச நீங்கள் தலையாட்டுவது போதாது. வலி உங்களுடையது. அதிகப் பயமான காரியத்தை முதலில் சொல்லுங்கள். எழுந்து வாசலுக்கு வந்தபின் சொன்னால் அவர் அடுத்தவரை அழைத்திருப்பார். அவர் சொன்னது விளங்காவிட்டால், விளங்கவில்லை என்று கூச்சமின்றிச் சொல்லி மறுபடி கேளுங்கள்.

அந்தப் பெரியவர் இப்பொழுது அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மாத்திரை வாங்குகிறார். தவறிய நாட்களைக் காலண்டரில் கோடிட்டு, அந்தத் தாளையே வைத்தியரிடம் நீட்டுகிறாராம். போன மாதம் இரண்டே கோடு.