கற்ற கல்வியும் காணாத மகிழ்ச்சியும்

கற்பது இன்பம் தருமா என்று கேட்டால் நம்மவர் வியப்பர். வள்ளுவர் கல்விக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்க, இதில் ஐயம் எதற்கு என்பர். ஆயினும் கல்வியின் மிகுதியாலேயே உள்ளம் வறண்டு, பின்னர் வேறு வகைக் கல்வியால் தளிர்த்த ஒருவரின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

அவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873). நம்மில் பலரைப் போல அவரும் எழுத்தராகப் பணி தொடங்கியவரே. 1823-இல் இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் சேர்ந்து, 1858 வரை கோப்புகளோடு வாழ்ந்தார். இந்திய மண்ணை மிதிக்காமலேயே இந்திய ஆட்சிக்குக் கடிதங்கள் வரைந்தார் என்பது தனிக்கதை. தந்தை ஜேம்ஸ் மில் மகனைப் பள்ளிக்கு அனுப்பாது தாமே கற்பித்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டில் இலத்தீன், பன்னிரண்டில் தருக்கம். விளையாட்டுத் தோழர் இல்லை, விடுமுறையும் இல்லை.

1826-ஆம் ஆண்டு, இருபதாம் வயதில், மில் தம்மையே ஒரு வினாக் கேட்டுக்கொண்டார். தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இந்நொடியே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமா? உள்ளம் இல்லை என்றது. இடிந்த மனம் மாதக்கணக்கில் நிமிரவில்லை. அன்றாடப் பணிகள் மட்டும் பழக்கத்தால் நடந்தன. இசையும் ஆறுதல் தரவில்லை. சுரங்கள் சிலவே; அவற்றின் சேர்க்கைகள் ஒருநாள் தீர்ந்துவிடுமே என்று கவலைப்பட்டார்! இராகங்களின் பெருக்கை அறிந்த நமக்கு இது நகைப்பைத் தரலாம். நோயுற்ற மனத்துக்கு அது நகைப்பன்று.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. உதவி நாடித் தந்தையிடம் செல்ல அவரால் இயலவில்லை. கற்பித்தவரிடமே அக்கல்வி பொய்த்தது என்று எவ்வாறு கூறுவது? ஊரிலென்றால், தந்தையிடம் சொல்லக் கூசும் பிள்ளைக்கு ஒரு பாட்டியோ தாய்மாமனோ இருப்பர். தில்லியிலோ நாகபுரியிலோ, அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் வளரும் பிள்ளைக்கு யார் உளர்? மாலையில் வீடு திரும்பியதும் மதிப்பெண்ணைக் கேட்கிறோம், முகவாட்டத்தைக் கேட்கிறோமா?

மில்லை மீட்டதும் நூல்களே. பிரெஞ்சு எழுத்தாளர் மர்மோந்தேலின் நினைவுக் குறிப்புகளில், தந்தையை இழந்த சிறுவன் இனிக் குடும்பத்துக்கு யாவும் தானே என உறுதிகொள்ளும் பகுதியைப் படித்தபோது அவருக்குக் கண்ணீர் பெருகிற்று. தம் உள்ளம் கல்லாகிவிடவில்லை என்று அக்கண்ணீர் உணர்த்தியது. 1828-இல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தார். வாதில் வெல்வதற்காக அன்று. மலையும் ஓடையும் தம்முள் எழுப்பிய அமைதிக்காகவே படித்தார். மகிழ்ச்சியையே குறிவைத்து ஓடுவோர்க்கு அது கிட்டுவதில்லை, வேறொன்றில் தோய்ந்திருப்போரை அது தானே வந்தடையும் என்று அவர் கண்டார். தருக்கத்தையும் துறந்தாரில்லை; 1843-இல் பெரிய தருக்க நூலொன்றை வெளியிட்டார். முன்பு தந்தையின் பாடமாக இருந்தது பின்பு அவருடைய சொந்த முயற்சியாயிற்று.

சங்கங்கள் நடத்தும் தமிழ் வகுப்புகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது, 'சான்றிதழ் உண்டா?' என்று வினவும் பெற்றோர் உளர். பயன் கருதாது கற்கும் அந்த ஒரு மணி நேரத்தையாவது விட்டுவைக்கலாகாதா?

அதற்காக, நூல் படித்தால் போதும், மருத்துவர் வேண்டா என்பது பிழை. மனநோய்க்கு மருத்துவம் உண்டு. அதனை நாடுவதில் இழிவில்லை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணைப் பிள்ளைகளின் கண்ணில் படுமாறு வீட்டு நாட்காட்டியில் எழுதி வைக்கலாம்.