ஒரு நாளுக்கு உரியவர்கள்

வேலை, குடும்பம், தன் முன்னேற்றம் ஆகிய மூன்றையும் ஒரே நாளுக்குள் எப்படி அடக்குவது என்ற கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த நாள் யாருடையது? நேரத்தைத் திறம்படச் செலவிடக் கற்றுத்தரும் இக்காலப் புத்தகங்கள் பெரும்பாலும், நாள் என்பது அதை வாழ்கிறவனின் சொத்து என்று வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. சொத்தாக இருந்தால் முதலீடு செய்யலாம், மிச்சம் பிடிக்கலாம், விரயமாக்கலாம்; கேட்க ஆள் கிடையாது. தமிழ்நாட்டில் வேரூன்றிய சமய மரபுகள் அங்கே தொடங்குவதில்லை. அவற்றின் கணக்கில் ஒரு நாளுக்கு உரியவர்கள் பலர் இருக்கிறார்கள். அதை வாழ்கிறவன் அவர்களில் ஒருவன்.

கோவையின் தெற்கு வாசலான உக்கடம் இந்தக் கேள்வியை வைத்துப் பார்க்கத் தகுந்த இடம். ஒருபுறம் 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும், நொய்யல் நீர் நிரப்பும் பெரியகுளம். மறுபுறம் கோட்டைமேடு, அங்கே சங்கமேசுவரர் கோயிலும் பள்ளிவாசல்களும் நடந்து போகும் தூரத்தில் அமைந்திருக்கின்றன. மொத்த மீன் மார்க்கெட்டில் ஊர் விழிக்கும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். பக்கத்திலுள்ள ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடைகளில் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டியவர்கள் இரவு கடைசி பஸ்களைப் பிடிக்க பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்கள். இத்தனைக்கும் நடுவே ஐந்து முறை பாங்கு ஒலிக்கும். ஒரே நாளில் எத்தனை பேர் பங்கு கேட்கிறார்கள் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரம் இந்தப் பங்காளிகளைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்ற ஐவரையும் பேணுவது இல்லறத்தானின் தலையாய கடமை என்கிறது 43-ஆம் குறள். முதல் நால்வரை எந்த அறநூலும் சொல்லும். ஐந்தாவது இடத்தில் ‘தான்’ வந்து நிற்பதே இங்கே கவனிக்க வேண்டியது. உரையாசிரியர் பரிமேலழகர் அதற்குக் காரணம் தருகிறார்: எந்த அறத்தைச் செய்யவும் செய்கிறவன் இருந்தாக வேண்டும், ஆகவே தன்னைக் காத்துக்கொள்வதும் அறமே. அரசன் ஆறில் ஒரு பங்கை மட்டும் வரியாகக் கொண்டதற்கும், மீதி ஐந்து கூறும் இந்த ஐவருக்கு வேண்டும் என்பதையே காரணமாகக் காட்டுகிறார். அரைமணி நேரம் புத்தகம் படித்தாலோ பகலில் சற்றுக் கண்ணயர்ந்தாலோ குற்றம் செய்துவிட்டதாக நினைத்துக் குமைகிற உழைப்பாளிக்கு இந்த உரை பெரிய ஆறுதல். அதிலேயே ஒரு வரம்பும் இருக்கிறது. தனக்கு உள்ளது ஐந்தில் ஒரு கூறு; தன் முன்னேற்றம் என்ற பெயரில் மற்ற நான்கையும் விழுங்குகிறவனுக்கு அந்தக் குறளில் இடமில்லை.

பொருளைக் கூறு வைக்கும் எண்ணம் கோவையில் ஏட்டோடு நின்றுவிடவில்லை. பீளமேட்டைச் சேர்ந்த பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் குடும்பச் சொத்து ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. மகன்கள் நால்வரும் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டு ஐந்தாவதை அறத்துக்கு ஒதுக்கினார்கள். 1926-இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் உருவானது இப்படித்தான். அவரவர் செலவு போக மிஞ்சியதைக் கொடுப்போம் என்று விட்டிருந்தால் அந்தப் பங்கு கல்லூரிகளாகவும் மருத்துவமனையாகவும் ஆகியிருக்காது. நேரத்தின் கதையும் இதுவே. குடும்பத்துக்கு மிச்ச நேரத்தைத் தருவதாக முடிவு செய்தவர்கள் பலர். மிச்சம் வந்ததாகச் சொன்னவர்கள் குறைவு.

வள்ளுவரிடமே எதிர்ப்பக்கமும் இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. குடிசெயல்வகை அதிகாரத்தில், குடும்பத்தை உயர்த்தக் கிளம்பியவனுக்கு உரிய காலம் என்று ஒன்று கிடையாது, சோம்பலும் வீண் மானமும் பார்த்தால் குடி கெடும் என்கிறார். கொங்கு மண்ணில் முதல் தலைமுறையாகத் தறி போட்டவரும் லேத் வைத்தவரும் வாழ்ந்தது இந்தக் குறளை. ஆனால் அதற்கு அடுத்த குறளிலேயே, குடும்பத்துக்குத் துன்பம் வராமல் தாங்குகிறவனின் உடம்பு துன்பத்தைக் கொட்டி வைக்கவே ஆன பாத்திரமா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் இரக்கம் இருக்கிறது. முதல் குறளை மட்டும் சுவரில் எழுதிவைத்து இரண்டாவதை மறந்துவிடும் ஊரில் மனிதர்கள் நாற்பது வயதிலேயே தேய்ந்துபோவார்கள்.

உக்கடத்துப் பள்ளிவாசல்களில் கேட்கக் கூடிய ஒரு பழைய நிகழ்ச்சி இந்தப் பொருளில் இன்னும் கூர்மையானது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இடம்பெற்றது அது. மதீனாவில் நபிகள் நாயகம் தம் தோழர்களான ஸல்மான் ஃபாரிஸியையும் அபுத்தர்தாவையும் சகோதரர்களாகப் பிணைத்துவைத்தார். அபுத்தர்தா முன்பு வணிகராக இருந்தவர். வணிகத்தையும் வணக்கத்தையும் சேர்த்து நடத்திப் பார்த்து, முடியாமல், வணிகத்தை விட்டதாக அவரே சொன்னார் என்று குறிப்புகள் உண்டு. ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்த ஸல்மான், அபுத்தர்தாவின் மனைவி கந்தல் கோலத்தில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். உங்கள் சகோதரருக்கு இந்த உலகத்தில் எதுவும் தேவையில்லை என்றார் அந்த அம்மையார். அபுத்தர்தா உணவு எடுத்துவைத்துவிட்டுத் தாம் நோன்பு என்றார். நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன் என்று ஸல்மான் அவரைச் சாப்பிட வைத்தார். இரவில் தொழ எழுந்தவரைத் தூங்கச் சொன்னார். மறுபடி எழுந்தபோதும் தூங்கச் சொன்னார். இரவின் கடைசிப் பகுதி வந்ததும், இப்போது எழுந்திருங்கள் என்றார். இருவரும் சேர்ந்து தொழுதார்கள். பிறகு ஸல்மான் சொன்னதன் சாரம் இது: இறைவனுக்கு உம்மிடம் ஹக்கு, அதாவது உரிமை, உண்டு, உம் ஆன்மாவுக்கும் உண்டு, உம் குடும்பத்துக்கும் உண்டு, அவரவர் ஹக்கை அவரவருக்குக் கொடும். இதைக் கேள்விப்பட்ட நபிகள், ஸல்மான் உண்மையே சொன்னார் என்றார்.

இதில் அளவு மீறியது வியாபாரம் இல்லை, வணக்கம். வேலையை நேசிக்கிறவர்கள் பொதுவாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம், தம் வேலை உயர்ந்த வேலை என்பது. மருத்துவர், ஆசிரியர், பொதுத்தொண்டர், எழுத்தாளர் எல்லோருக்கும் அது கைவசம் இருக்கிறது. இறைவனுக்காகச் செய்யும் வணக்கமே மனைவியின் பங்கை எடுக்கக் கூடாது என்றால், அதற்குக் கீழான எந்தப் பணிக்கும் அந்தச் சலுகை கிடையாது. ஸல்மான் குற்றத்தைக் கண்டுபிடித்த வழியும் நினைவில் வைக்கத் தக்கது. அவர் அபுத்தர்தாவின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. வீட்டில் கடைசியாகக் கவனிக்கப்படுகிறவரைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை பற்றிய குர்ஆனின் 62-ஆம் அத்தியாயம் உழைப்புக்கும் ஓர் இடம் கொடுத்துப் பேசுகிறது. ஜும்ஆவுக்கு அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்லும் அது, தொழுகை முடிந்ததும் கலைந்து போய் இறைவனின் அருளைத் தேடச் சொல்கிறது. அதாவது பிழைப்பைப் பார்க்க அனுப்பிவைக்கிறது. யூதர்களின் சப்பாத்துபோல நாள் முழுக்க வேலையை நிறுத்தும் கட்டளை அங்கே இல்லை. உக்கடம், கோட்டைமேடு, கரும்புக்கடைப் பக்கம் வெள்ளி மதியம் கடைகளின் ஷட்டர் இறங்குவதும் தொழுகை முடிந்ததும் ஏறுவதும் இந்த ஒழுங்கின்படியே. ஒவ்வொரு தொழுகைக்கும் ஒரு வக்து உண்டு; அது தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தெளிவாக இருக்கும். தவறவிட்டதைப் பிறகு களாவாகத் தொழுது ஈடுசெய்யலாம் என்றாலும் ஐந்தையும் சேர்த்து இரவில் முடித்துக்கொள்ளலாம் என்று யாரும் திட்டமிட அனுமதி இல்லை.

இந்த மரபுகள் எல்லாமே சமன் என்பதைக் காட்டிலும் முறை என்பதை நம்புகின்றன. கோவை மாவட்டத்து விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனத் திட்டத்தில் சுமார் 3.77 லட்சம் ஏக்கர் நிலம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இருக்கிற தண்ணீரை நான்குக்கும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் எந்தப் பயிரும் தேறாது. ஆகவே ஒரு மண்டலத்துக்குத் திறக்கும்போது மற்றவை காத்திருக்கும். முறை வந்ததும் அதற்கு முழுசாகக் கிடைக்கும். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஆபீஸ் மெசேஜுக்குப் பதில் அனுப்புகிறவர், இரண்டு வயலுக்கும் ஈரம் மட்டும் காட்டுகிறார். முறைப்படி வாழ்வதில் காத்திருப்பு உண்டு, சில பருவங்களில் ஒரு பக்கம் காய்ந்தும் போகும். பரீட்சைக்குப் படிக்கும் மகள் வீட்டில் இருக்கும் வருடமும் கடன் வாங்கிக் கடை போட்ட வருடமும் ஒரே மாதிரிப் பிரிய முடியாது. தன் முறை உறுதியாக வரும் என்று காத்திருப்பவருக்குத் தெரிந்தால் அந்தக் காத்திருப்பைத் தாங்கலாம்.

உழைப்பே வழிபாடு என்ற வாசகம் இந்த இடத்தில் குறுக்கே வரும். அதற்கு அருமையான ஒரு சான்று உக்கடத்திலிருந்து மேற்கே பஸ்ஸில் போகும் தூரத்தில், பேரூர் பட்டீசுவரர் கோயிலில் இருக்கிறது. கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணத்தோடு தொடர்புடைய கதைப்படி, சுந்தரர் பேரூருக்கு வந்தபோது இறைவனும் இறைவியும் கோயிலில் இல்லை. உழவர் வேடத்தில் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனி மாதத்தில் நடக்கும் நாற்று நடவுத் திருவிழா அதை இன்றும் நினைவுகூர்கிறது. சேற்றில் இறங்கி நடவு செய்பவருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தச் சமயமும் தந்துவிட முடியாது. ஆனால் அந்த விழாவில் நடவு ஒரு பொழுது நடக்கிறது. பிறகு சாமி கோயிலுக்குத் திரும்புகிறது. உழைப்பு புனிதமானது என்பதிலிருந்து உழைப்புக்கு முடிவே இருக்கக் கூடாது என்ற முடிவுக்குப் போக அந்தக் கதை வழி விடவில்லை.

முடிவில்லாத உழைப்பு என்ற எண்ணத்துக்கு ஆலைகளே நெருக்கமான ஊற்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் கோவையில் நூற்பாலைகள் பெருகின; இரவும் பகலும் ஷிஃப்ட் ஆகின; மில் சங்கு ஊருக்கே மணி சொன்னது. 1956-இல் இதே நகரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா, ஆலைகளின் உற்பத்தித்திறனை அளந்து ஒப்பிடுவதை முக்கியப் பணிகளில் ஒன்றாகக் கொண்டது. ஒரு கதிர் எவ்வளவு நூல் தருகிறது, ஒரு வேலைக்கு எத்தனை ஆள் தேவை என்று கணக்கிடுவது ஆலைக்கு நல்லது. வீணாகும் பஞ்சும் மின்சாரமும் குறையும். அந்த அளவுகோலை மனிதன் தன்மேல் வைத்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கிறது. கதிருக்குத் தாய் தகப்பன் இல்லை, பெருநாள் இல்லை. முஸ்லிம் வீடுகளில் பரக்கத் என்று சொல்வது இதற்கு மாற்றான ஓர் அளவு. குறைந்த வருமானம் வீடு நிறைய உதவினால், குறுகிய பொழுது மனநிறைவோடு கழிந்தால் அதில் பரக்கத் இருக்கிறது என்பார்கள். நல்ல நிய்யத்தோடு, அதாவது நல்ல எண்ணத்தோடு, குடும்பத்துக்குச் செலவிடுவதும் தர்மமாக எழுதப்படும் என்பது ஹதீஸ். அப்படிப் பார்த்தால் மகனுக்குக் கணக்குச் சொல்லித் தந்த மாலை வீண்போன மாலை ஆகாது.

முறைப் பாசனத்தில் பழுது முதலில் தெரிவது கடைமடையில். மேலே ஒருவர் கூடுதலாக மடையைத் திறந்து வைத்தால் வாய்க்காலின் கடைசி வயல் வாடும். குடும்பத்தில் அந்தக் கடைமடை பெரும்பாலும் பெண். 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் அவற்றில் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். சமநிலையாக வாழ்வதாகச் சொல்லிக்கொள்ளும் பல ஆண்களின் நாளில் தியானத்துக்கும் நடைப்பயிற்சிக்கும் கிடைத்த ஒரு மணி நேரம் இந்த வித்தியாசத்திலிருந்தே வருகிறது. குறளின் ஐந்தாவது கூறு அவளுக்கும் உரியது. பழைய உரைகள் இல்லறத்தானை நோக்கிப் பேசியதால் அவளுடைய கூறு எழுதப்படாமல் போயிற்று. அதைச் சேர்த்து எழுதாத எந்த விளக்கமும் இன்று குறையுள்ளது.

வீட்டுக்கு வெளியே மடையைத் திறந்து வைத்திருப்பவர் வேலை கொடுப்பவர். தனிமனிதன் எவ்வளவு ஒழுங்காக வாழ்ந்தாலும் அவர் விட்டால்தான் மற்றவர்களின் முறை வரும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்த மசோதா, ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட இடம் கொடுத்தது. வாரக் கணக்கு 48-ஐத் தாண்டாது, விடுமுறை கூடும் என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். கூட்டல் சரியாக இருக்கலாம். ஆனால் சாயங்காலம் பள்ளி விட்டு வரும் குழந்தையின் முறையும், இரவு மருந்து கொடுக்க வேண்டிய தகப்பனாரின் முறையும், மஃரிப் தொழுகையின் வக்தும் வெள்ளி, சனி வரை காத்திருக்காது. எதிர்ப்பு வலுத்ததும், மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். அது சரியான முடிவு. அதற்கு முன்பே, 2021-இல், கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. உடம்புக்கு உரியதை உடம்புக்குக் கொடு என்று சட்டம் சொல்ல வேண்டிய நிலை வந்ததே வருத்தம்; சொன்னது நல்லது.

உக்கடத்தைச் சுற்றிக் கடை வைத்திருப்பவர்கள், ஜும்ஆ நேரத்தில் ஷட்டரை இறக்கினால் வியாபாரம் அழிந்துவிடாது என்பதைத் தலைமுறைகளாகப் பார்த்துவருகிறவர்கள். இரவுக்கும் அப்படி ஒரு மணியை முடிவு செய்து, எல்லாக் கடையும் சேர்ந்து சாத்தட்டும். கவுண்டரில் நிற்கும் பெண் வீட்டுக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை அவரிடமே கேட்டு அந்த நேரத்தை வைக்கட்டும்.